கோப்பை வாங்கிய கிளப் அடுத்த வருடமே கடைசி, அப்புறம் மூடி வைக்கிறார்கள்: தம்பியை நம்பி அனுப்பலாமா?

கொடுங்கையூரிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். தம்பிக்கு 17 வயது. ஒரு புரொபஷனல் கால்பந்து கிளப்பின் ரிசர்வ் அணியிலிருந்து, அதாவது மெயின் அணிக்கு அடுத்த அணியிலிருந்து, அழைப்பு வந்திருக்கிறது. 2018ல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வாங்கிய 'சென்னையின் எஃப்சி' கிளப் அடுத்த சீசனிலேயே கடைசி இடத்துக்குப் போனது, 2025ல் அணியையே நிறுத்தி வைத்தார்கள். ஸ்டேடியத்தில் அவ்வளவு கூட்டம் வந்தும் ஒரு கிளப் ஏன் இப்படி ஆகிறது என்பது கேள்வி. கேள்வி ஜெயிப்பது, தோற்பது பற்றி இருந்தாலும் அவர் உண்மையில் கேட்பது வேறு: ஒன்றாம் தேதி பிறந்தால் சம்பளம் வருகிற இடமா இது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். அழைத்தது எந்த கிளப் என்று அவர் எழுதவில்லை. அதுவும் நல்லதுதான், பொதுவாகவே பேசலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சென்னை லீக்கில் பதினொரு வருடம் ஆடினேன், பெரும்பாலும் கீழ் டிவிஷன்களில். அதன்பின் மூன்று சீசன் ஒரு புரொபஷனல் கிளப்பின் இளையோர் அணியில் மேனேஜர் என்ற பெயரில் ஒரு வேலை. வீரர்கள் பதிவு, ரயில் டிக்கெட், ஜெர்சி, துவைக்கப் போட்ட மூட்டையை எண்ணி வாங்குவது, எல்லாம் அதில் அடக்கம். இப்போது வியாசர்பாடியில் காலையில் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கிளப்பின் கணக்குப் புத்தகத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை, வக்கீலும் இல்லை. அதனால் பணத்தைப் பற்றிச் சொல்வதில் பாதி, உள்ளே இருந்தவனின் ஊகம். ஒப்பந்த விதிகளைப் பற்றிச் சொல்வது ஊகம் இல்லை, புத்தகத்தில் இருப்பது.

முதலில் ஆடுகளம். 2018 மார்ச் 13, கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். நேரு ஸ்டேடியத்தில் சென்னை 3-0. ஜேஜே இரண்டு கோல், மூன்றாவது தனபால் கணேஷ். நம்ம வியாசர்பாடிப் பையன். அன்றைக்கு எங்கள் தெருவில் வெடித்த பட்டாசு தீபாவளிக்குக்கூட வெடித்திருக்காது. நான்கு நாள் கழித்து பெங்களூருவில் இறுதி ஆட்டம். சுனில் சேத்ரி ஆரம்பத்திலேயே கோல் போட்டும், மைல்சன் இரண்டு முறை தலையால் முட்டிப் போட, 3-2 என்று ஜெயித்து இரண்டாவது கோப்பை. அடுத்த சீசனில் அதே கோச் ஜான் கிரிகரி, பத்து அணியில் பத்தாவது இடம். 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 9 புள்ளி.

என்ன ஆனது? கேப்டன் செரெனோ போய்விட்டார். கணேஷுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அணியின் முதுகெலும்பே மாறிவிட்டது. இங்கே ஒரு விஷயம் வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. இந்தியாவில் கிளப் ஒப்பந்தங்கள் வழக்கமாக மே 31ல் முடியும். வெளிநாட்டு வீரர்களில் நிறையப் பேருக்கு ஒரு வருட ஒப்பந்தம்தான். ஆக, மார்ச்சில் கோப்பையைத் தூக்கிய அணி ஜூன் மாதத்தில் காகிதத்தில் பாதிதான் இருக்கும். ஜெர்சி அதே நீலம், உள்ளே இருக்கும் ஆள் வேறு. ஜூன், ஜூலையில் யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்பதில்தான் சீசனில் பாதி முடிவாகிறது. ஆனால் அந்த இரண்டு மாதமும் எந்த டிவியிலும் வராது. அதற்கும் அடுத்த சீசன் பாருங்கள்: 2019 டிசம்பரில் ஓவன் கோய்ல் பொறுப்பேற்றபோது அணி அடிமட்டத்தில் கிடந்தது, 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம் ஆடியது. கொரோனா பயத்தில் ஒரு ரசிகர்கூட இல்லாத கோவா மைதானத்தில் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றது. ஐஎஸ்எல்லில் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடும் வழக்கமும் 2024-25 சீசன் வரை இருந்ததில்லை. கடைசியில் வந்தாலும் அடுத்த வருடம் அதே இடம். இதனால் கிளப் முதலாளிகளுக்கு ஒரு நிம்மதி. ஆனால் கடைசி இரண்டு மாதம் பயந்து ஆட வேண்டிய அவசியம் இல்லாதபோது, உள்ளூர்ப் பையனை இறக்கிப் பார்க்கலாமே என்று நானும் ஒவ்வொரு வருடமும் எதிர்பார்ப்பேன். நடப்பது குறைவு.

ஆக, பட்டியலில் எத்தனாவது இடம் என்பதை வைத்து ஒரு கிளப் நல்ல இடமா என்று முடிவு செய்யாதீர்கள். கோப்பை வாங்கிய வருடத்தில் சம்பளத்தை இழுத்தடித்த கிளப்பும் உண்டு, கடைசியில் வந்தும் ஒன்றாம் தேதி போட்ட கிளப்பும் உண்டு. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சீசன் பிளேஆஃப் வரைக்கும் போனோம். அதே சீசனில் மூன்று மாதம் எங்கள் யாருக்கும் சம்பளம் இல்லை. பெரிய அணிக்கு வந்ததா என்று கேட்டால் சமையல்காரர் சிரிப்பார். ஹாஸ்டலில் முட்டை இரண்டிலிருந்து ஒன்றானது, அப்புறம் அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றானது. கணக்குப் புத்தகத்தைப் பார்க்க முடியாதவனுக்கு அந்த முட்டைதான் கணக்குப் புத்தகம். தம்பியைச் சேர்க்கப் போகும்போது ஆபீஸ் சோபாவில் உட்கார்ந்து பேசிவிட்டு வராதீர்கள். மெஸ்ஸுக்குப் போய், ஏற்கெனவே அங்கே இருக்கும் பையனிடம் நேற்று ராத்திரி என்ன சாப்பாடு என்று கேளுங்கள்.

இப்போது கூட்டம். 'அவ்வளவு பேர் டிக்கெட் வாங்குகிறார்களே' என்பது நியாயமான கேள்வி. நேரு ஸ்டேடியம் கிளப்பின் சொத்து இல்லை, அரசாங்கத்துடையது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில் இருக்கிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வாடகை, பந்தோபஸ்து, ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மின்சாரம், தனியார் செக்யூரிட்டி என்று போய்க்கொண்டே இருக்கும். சில ஆட்டங்களுக்கு எங்கள் பசங்களைப் பால் பாய்களாக அழைத்துப் போயிருக்கிறேன். வியாசர்பாடி ஜீவாவில் மின்சார ரயில் ஏறினால் மூர் மார்க்கெட், அங்கிருந்து நடை. ஆட்டம் ஏழரைக்கு என்றால் மதியமே ஆட்கள் வயர் இழுத்துக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் முடிந்து ரசிகர்கள் கலைந்த பிறகு, தண்ணீர் பாட்டில் பொறுக்குபவர்கள், விளம்பரப் பலகை கழற்றுபவர்கள், கேமரா பெட்டி தூக்குபவர்கள் என்று களத்தில் ஆடியவர்களைவிட நாலைந்து மடங்கு ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அத்தனை பேருக்கும் அன்றைக்குக் கூலி உண்டு. டிக்கெட் காசு அதற்கே சரியாகிவிடும் என்பது என் கணிப்பு.

சொந்த மைதானம் இல்லாததன் வலி இன்னொரு விதத்திலும் வரும். 2015 வெள்ளத்தில் சென்னை முழுகியபோது, கொல்கத்தாவுக்கு எதிரான சொந்த ஊர் அரையிறுதியைப் புனேவில் ஆடினார்கள். கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் வடியாத அந்த டிசம்பரில் மூன்று கோல் செய்தியை நாங்கள் ரேடியோ மாதிரி ஒரே ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். அந்த வருடம்தான் முதல் கோப்பை. 2019ல் ஆசிய அளவிலான ஏஎஃப்சி கோப்பையில் ஆடும் வாய்ப்பு வந்தது, சொந்த ஊர் ஆட்டங்களை அகமதாபாத்தில் ஆட வேண்டியிருந்தது. 2020-21, 2021-22 இரண்டு சீசனும் கோவாவில், பூட்டிய மைதானத்தில். இப்படித் திரும்பத் திரும்ப ஊரை விட்டு வெளியே போன அணிக்கு, கேட் வருமானம் என்ற பேச்சே எங்கே?

அப்போது பணம் எங்கிருந்து வருகிறது? லீக்கின் பொது வருமானத்தில் பங்கு, ஜெர்சியில் விளம்பரம், முதலாளி கைக்காசு. இந்த வரிசையில் மூன்றாவதுதான் பெரிது என்று நான் நினைக்கிறேன். முதலாவது என்ன ஆனது என்பதை 2025ல் ஊரே பார்த்தது. அகில இந்திய கால்பந்து சம்மேளனமும் ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனமும் 2010ல் 15 வருட ஒப்பந்தம் போட்டிருந்தன, பிறகு அது ரிலையன்ஸ் பக்கத்து எஃப்எஸ்டிஎல் நிறுவனத்தின் கைக்கு வந்தது. சம்மேளனத்துக்கு வருடம் 50 கோடி ரூபாய், லீக்கை நடத்துவது நிறுவனம். அது 2025 டிசம்பர் 8ல் முடிய வேண்டும். சீசன் செப்டம்பரில் தொடங்கும். பாதி சீசனில் ஒப்பந்தம் காலாவதியானால் விளம்பரதாரரிடமும் டிவியிடமும் யார் பேசுவது? புதுப்பிக்கவும் முடியவில்லை, சம்மேளனத்தின் சட்டதிட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. ஜூலையில் லீக்கை நிறுத்தி வைப்பதாக அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் பெங்களூரு தன் முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது, ஒடிசா ஒப்பந்தங்களை நிறுத்தி வைத்தது, சென்னையும் கிளப் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாகச் சொன்னது. பிறகு டெண்டர் விட்டார்கள், நவம்பரில் கெடு முடிந்தபோது ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் அரசு தலையிட்டு, 2026 பிப்ரவரி 14ல் 14 அணிகளோடு, ஆளுக்கு 13 ஆட்டம் என்று சுருக்கி ஆரம்பித்தார்கள். அதற்கு முந்தைய சீசனில் ஓர் அணிக்கு 24 ஆட்டம். அதில் சென்னை 13 அணியில் 11வது இடம், அது வேறு கதை.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த நிறுத்தத்துக்கும் களத்தில் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை என்பது. ஒருவன் ஆறு மாதம் ஒழுங்காக ஓடி, எடை குறைத்து, முழங்காலைத் தேற்றிக்கொண்டு வந்து நின்றாலும், டெல்லியில் ஒரு காகிதத்தில் கையெழுத்து விழாததால் அவனுக்கு வேலை இல்லை. தமிழ்நாட்டிலேயே இதற்கு முன்னால் ஒரு பாடம் இருந்தது. சென்னை சிட்டி எஃப்சி. பெயர் சென்னை, ஆடியது கோயம்புத்தூரில். 2019 மார்ச் 9 அன்று மினர்வாவை 3-1 என்று அடித்து, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் எடுத்து, ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கில் சாம்பியன். பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல். ஸ்விட்சர்லாந்தின் பாசல் கிளப் வந்து பங்கு வாங்கியது. மூன்றாவது வருடம் 2021-22 ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை.

எங்கள் அப்பா காலத்தில் வட சென்னையில் புட்பால் ஆடுகிறவன் கனவு இப்படி இல்லை. ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, கஸ்டம்ஸ், இந்தியன் வங்கி. நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. இந்தியன் வங்கி 1996ல் தொடங்கிய தேசிய லீக்கிலேயே ஆடிய அணி. காலை பிராக்டீஸ், மதியம் கவுன்டர், முப்பத்தைந்து வயதில் பூட்ஸைக் கழற்றினாலும் நாற்காலி இருக்கும். பெண் கொடுக்கிறவர்கள் கோல் எண்ணிக்கை கேட்கவில்லை, 'பர்மனென்ட்டா' என்று கேட்டார்கள். இப்போது அந்தக் கோட்டா வேலைகள் சுருங்கிவிட்டன, இல்லாமல் போய்விடவில்லை. கிளப் சம்பளம் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம், ஆனால் அது சீசனுக்குச் சீசன் தீர்ந்துபோகிற பணம். தம்பி கிளப்புக்குப் போவதில் தப்பில்லை. மாநில அணி, பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு விடமாட்டோம் என்று கிளப் சொன்னால் மட்டும் யோசியுங்கள், கோட்டா வேலைக்கு அந்தச் சான்றிதழ்கள்தான் கேட்பார்கள்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருகிறேன், இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். நான் மேனேஜராக இருந்தபோது ஒரு பையன், புளியந்தோப்பு, பதினாறரை வயது. அப்பாவோடு வந்தான். அப்பா மீன்பாடி வண்டி ஓட்டுபவர், மதிய சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தார். ஒப்பந்தம் பதினான்கு பக்கம், முழுக்க இங்கிலீஷ். ஆபீஸ் பையன் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டி வைத்திருந்தான். அப்பா அந்த மஞ்சளை மட்டும் தேடித் தேடிக் கையெழுத்துப் போட்டார். மொத்தம் நான்கு நிமிடம். 'ஒரு காப்பி கொடுங்க சார்' என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நானும் அருகில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வாய் திறக்கவில்லை. எட்டு மாதம் கழித்து அந்தப் பையன் கணுக்காலை உடைத்துக்கொண்டபோது, சிகிச்சைச் செலவு யாருடையது என்று பார்க்க அவர்களிடம் ஒரு காகிதம்கூட இல்லை.

உலகக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபாவின் விதிகள் இவை, சந்தேகம் வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் இருப்பவர் மூன்று வருடத்துக்கு மேல் புரொபஷனல் ஒப்பந்தம் போட முடியாது. 'ஐந்து வருடம், பையனுக்குப் பாதுகாப்பு' என்று யாராவது சொன்னால் அது யாருக்குப் பாதுகாப்பு என்று யோசியுங்கள். மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதக் கூடாது. பரிசோதனை கையெழுத்துக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் தராமல் விட்டால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து, அப்படியும் தராவிட்டால் வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். எழுத்தில் என்பதைக் கவனியுங்கள். கோச்சிடம் வாட்ஸ்அப்பில் 'சார் சேலரி' என்று கேட்டது நோட்டீஸ் ஆகாது. ஏஜென்ட் என்று ஒருவர் வந்தால் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், 2023லிருந்து அதற்குத் தேர்வு எழுத வேண்டும். பெற்றோரின் எழுத்து சம்மதம் இல்லாமல் 17 வயதுப் பையனோடு அந்த ஏஜென்ட் ஒப்பந்தமும் போட முடியாது. தம்பிக்கு வந்திருப்பது புரொபஷனல் ஒப்பந்தமா, வெறும் பதிவுப் படிவமா என்பதையும் பாருங்கள். ரிசர்வ் அணியில் இரண்டாவதுதான் அதிகம். அதில் சம்பளம் என்று இருக்காது, உதவித்தொகை என்று இருக்கும். மேலே சொன்ன சம்பள விதி அதற்கு அப்படியே பொருந்தாது. அப்படியென்றால் தங்குமிடம், சாப்பாடு, காயம், படிப்பு ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ரிசர்வ் அணி எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் உங்களுக்குப் பேரம் பேச வசதியாக இருக்கும். ஆசிய சம்மேளனத்தின் கிளப் உரிமம் வாங்க ஐந்து வகைத் தகுதி காட்ட வேண்டும்: விளையாட்டு, மைதான வசதி, ஆட்கள், சட்டம், நிதி. விளையாட்டு என்ற தலைப்பில் இளையோர் அணிகள் கட்டாயம். சில கிளப்புகளுக்கு அது உண்மையான ஆசை, சிலருக்கு உரிமத்துக்கான ஒரு டிக் மார்க். எது எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய வழி, போன மூன்று சீசனில் ரிசர்விலிருந்து எத்தனை பேர் மெயின் அணியில் நிமிடக்கணக்கில் ஆடினார்கள் என்று கேட்பது. பென்ச்சில் உட்கார்ந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சென்னையில் லீக் ஆடி வளர்ந்த நந்தகுமார் சேகர் இங்கிருந்து ஐ-லீக், டெல்லி, ஒடிசா என்று போய், 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு அந்த ஒரே கோலைப் போட்டார். ஊர் கிளப்பில் இடம் இல்லாவிட்டால் ஊரை விட்டுப் போகத் தயாரா என்றும் தம்பியிடம் கேட்டு வையுங்கள்.

தம்பி இப்போது ஆடும் சின்ன கிளப்பையும் மறந்துவிடாதீர்கள். வீரர் ஒருவர் ஒப்பந்தம் முடியும் முன்பே வெளிநாட்டு கிளப்புக்கு விலைபோனால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிந்து போக வேண்டும். 12 முதல் 15 வரை வருடத்துக்குக் கால் சதவீதம், 16 முதல் 23 வரை அரை சதவீதம். ஒரு கோடிக்குப் போனால், நான்கு சிறுவயது சீசனை வளர்த்த வியாசர்பாடி கிளப்புக்கு ஒரு லட்சம். எங்கள் கணக்கில் அது இரண்டு வருட பந்துச் செலவு. ஆனால் அந்த வயதில் பையன் சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவில் ஏறியிருக்க வேண்டும். எங்களில் பலர் பதிவே செய்வதில்லை, டோர்னமென்ட் அன்றைக்கு ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்து முடித்துவிடுகிறோம். இது எங்கள் தப்பு, யாரையும் குறைசொல்ல முடியாது. தம்பியின் பதிவு எந்த வயதிலிருந்து இருக்கிறது என்று பழைய கோச்சிடம் கேளுங்கள். பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள், வயதுக் குழப்பத்தில் வாய்ப்பு போன பசங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, கிளப் நின்றுபோனால் தம்பி திரும்பி வருவதற்கு ஓர் இடம் வேண்டும். 2024 அக்டோபரில் மாநகராட்சி ஒன்பது செயற்கைப் புல் மைதானங்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. பட்டியலில் எங்கள் வியாசர்பாடி முல்லை நகர் மைதானமும் இருந்தது. அன்று காலை எங்கள் பசங்களில் ஒருவன் கணக்குப் போட்டான்: 'அண்ணா, ரெண்டு மணி நேரம் ஆடுனா இருநூத்து நாப்பது. அம்மா ஒருநாள் வீட்டு வேலைக்குப் போனாலும் அவ்ளோ வராது.' 2025ல் அந்த நிறுத்தம் நடந்த மாதங்களில் வேலையில்லாமல் ஊருக்கு வந்த இரண்டு சீனியர் பசங்க எங்களோடுதான் ஓடினார்கள். இலவச மைதானம் இருந்ததால் ஓட முடிந்தது.

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள், தம்பி பன்னிரண்டாவது படிக்கிறான் என்று. எனக்கு உங்கள் கேள்வியிலேயே அவசரமானது அதுதான். பொதுத்தேர்வு மார்ச்சில். இளையோர் லீக் ஆட்டங்களும் பெரும்பாலும் வருடத்தின் முதல் நாலு மாதத்தில்தான். பரீட்சைக்கு முந்தைய நாள் வெளியூரில் ஆட்டம் என்று வரும், வராமல் இருக்காது. பரீட்சை நாட்களில் விடுப்பு உண்டு, அதனால் அணியிலிருந்து நீக்கமாட்டோம் என்று ஒரு வரியைக் கையெழுத்துக்கு முன்னால் லெட்டர்பேடில் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு வரியைத் தர அவர்கள் எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.